சுப்பராயலு கை வைத்த லென்ஸ்

சுப்பராயலு பழுதுபார்த்துக் கொடுத்த பொருள் சரியாகிவிட்டது. ஆரணியில் அந்த நெசவுத் தெருவில் எவரும் வாய்விட்டுச் சொல்லாமல், எல்லோரும் கீழ்ப்படிந்துவந்த விதி இது. அவர் பிரித்துப் பூட்டிய மின்விசிறி காற்றைக் கீழே விடாமல் மேலே அனுப்பியபோது, அந்த வீட்டார் மொட்டைமாடி குளிர்ந்துவிட்டதாக மகிழ்ந்தார்கள். அவர் கைபட்ட மிக்சி, மூடியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தால் மட்டுமே ஓடியது. அந்த வீட்டில் சட்னி அரைப்பது அன்றிலிருந்து இருவர் வேலையாயிற்று. இருந்தும் அவர் எதிரில் வந்தால், "சூப்பரா ஓடுதுங்க" என்றுதான் சொன்னார்கள்.

விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தெருவின் பாதித் தறிகளுக்குப் பாவு நூலும் ஜரிகையும் சுப்பராயலு கடையிலிருந்துதான் போயின. அத்துடன், பழுதுபார்க்க அவர் காசு வாங்குவதில்லை. காசு வாங்கிக்கொண்டு கெடுப்பவனை நாலு வார்த்தை திட்டலாம். இலவசமாகக் கெடுப்பவருக்கு நன்றி சொல்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்த நிலையில்தான் லாவண்யாவின் லென்ஸ் கீழே விழுந்தது. லாவண்யா, தறிக்காரர் தனசேகரனின் மகள். வியாபாரிகள் கைப்பேசி வழியே புடவை விற்கத் தொடங்கிய பிறகு, அந்தப் புடவைகளைப் படமெடுத்துக் கொடுப்பதைத் தொழிலாக்கிக்கொண்டவள். இருந்தது ஒரு கேமரா, ஒரே லென்ஸ். ஸ்டூலின் மேல் வைத்திருந்ததை விரித்திருந்த புடவையின் முந்தானை இழுத்துத் தள்ளிவிட்டது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபோகஸ் பார்க்கத் திருப்புகிற வளையம் மட்டும் இறுகிப்போய், திருப்பினால் மணல் அரைபடுவதுபோல் சத்தமிட்டது.

விழுந்த நேரம் மோசமான நேரம். அடுத்த வாரம் சுப்பராயலுவின் புதிய ஷோரூம் திறப்புவிழா. கட்டிடத்தின் முகப்பை மறைக்கும் அளவுக்கு அவரும் மனைவியும் நிற்கும் பேனர் ஒன்று வைக்கவிருந்தார்கள். அந்தப் படத்தை எடுக்கும் வேலை லாவண்யாவுக்கு வந்திருந்தது. அது நன்றாக அமைந்தால் கடைத்தெரு முழுவதும் அவளைக் கூப்பிடும். அமையாவிட்டால், கண்ணமங்கலத்தில் ஒரு செல்போன் கடையில் ரீசார்ஜ் போடும் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும்.

தம்பி தீனா லென்ஸைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தான்.

"எதுக்குக்கா மெட்ராஸ், சர்வீஸ்னு பேஜாரு? நாமளே கழட்டலாம். யூடியூப்ல ஒரு ஆளு பேசிகினே கழட்டறான் பாரு."

"கழட்டறான் சரி. திருப்பி மாட்டினானா?"

"அது செகண்ட் பார்ட்டு."

"அத போடு, பாக்கலாம்."

தீனா தேடினான். இரண்டாம் பாகம் இன்னும் வெளிவந்திருக்கவில்லை. கீழே கருத்துப் பகுதியில் பலர், பிரித்துப்போட்ட லென்ஸைத் தட்டில் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தார்கள்.

லாவண்யா முடிவு செய்துவிட்டாள். சென்னையில் லென்ஸ் பழுதுபார்க்கும் கடைக்காரர் நாலு நாளில் தருவதாகப் போனிலேயே சொல்லியிருந்தார். லென்ஸை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். வழியில் சுப்பராயலுவின் கடை இருந்தது. அதைத் தாண்டாமல் அந்தத் தெருவை விட்டு யாரும் எங்கும் போய்விட முடியாது.

"இன்னாம்மா லாவண்யா, கைப்புள்ளய தூக்கிகினு போற மாதிரி இன்னாத்த எடுத்துகினு போற?" என்றார் சுப்பராயலு.

"லென்ஸ் மாமா. கீழ வுழுந்து ஜாம் ஆயிடுச்சு. மெட்ராஸ்ல ரிப்பேருக்குக் குடுத்துட்டு வந்துடறேன்."

கடைக்குள் ஜரிகை நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"மெட்ராஸா? ஏன், நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றார் சுப்பராயலு.

"இல்ல மாமா, இது கண்ணாடி ஐட்டம்..."

"என் மூக்குக் கண்ணாடிய நானே தான் ஒட்டிக்கினேன். இதுவும் கண்ணாடி தானே?"

அவருடைய மூக்குக் கண்ணாடி காதோரம் சிவப்பு நூல் சுற்றப்பட்டு, ஒரு பக்கம் தாழ்ந்து நின்றது. பாவு வாங்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த தனசேகரன் மகளைப் பார்த்தார். பிறகு, இன்னும் தம் கைக்கு வராத பாவு நூலைப் பார்த்தார்.

"குடு லாவண்யா. மாமா பாத்துக்குவாரு."

இப்படியாக, தானே பிரிப்பதா தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதா என்ற கேள்விக்கு, இரண்டும் இல்லாத மூன்றாவது விடை கிடைத்தது.

மறுநாள் மாலை லென்ஸ் திரும்பி வந்தது. வளையம் வழுக்கிக்கொண்டு திரும்பியது, சத்தமே இல்லை. தறிக்கு விடுகிற எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தார் சுப்பராயலு.

"உள்ள தகடு மாதிரி ஒரு வளையம் வெச்சிருக்கான் ஜப்பான்காரன். வளைஞ்சிருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன். அந்த எடத்துல பட்டு நூல சுத்தி வெச்சிருக்கேன். ஒரிஜினல் ஆரணிப் பட்டு. அவனுக்குக் கெடைக்குமா இது?"

"ரொம்ப நன்றி மாமா" என்றாள் லாவண்யா. விதி அவளையும் வளர்த்திருந்தது.

வீட்டில் சோதித்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. நூல் ஒரு புறம் தடித்தும் ஒரு புறம் மெலிந்தும் சுற்றப்பட்டிருந்ததால் உள்ளிருந்த கண்ணாடி சாய்ந்துவிட்டது. எந்தப் படத்திலும் வலப்பக்கம் துல்லியமாக விழ, இடப்பக்கம் கரைந்துபோயிருந்தது. வெளிச்சம் நுழைகிற துளையைச் சுருக்கினால் மங்கல் குறையும் என்று பார்த்தால், அதைச் சுருக்குகிற தகடுகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை.

"வலது பக்கம் ஆரணி. இடது பக்கம் பனிமூட்டத்துல ஊட்டி" என்றான் தீனா. "இப்பவாச்சும் மெட்ராஸுக்கு எடுத்துகினு போ."

"அவரு ரிப்பேர் பண்ணத ரிப்பேருக்குக் குடுத்தேன்னு தெரிஞ்சா, அப்பாவுக்குப் பாவு நீ குடுப்பியா?"

தீனா லென்ஸை மறுபடி துண்டில் சுற்றி வைத்தான். தெருவிடம் எப்போதும்போல் ஒரு வழி இருந்தது. பக்கத்துக் கடை ஜெயச்சந்திரன், தம் புடவைகளின் ஜரிகைக் கரை படத்தில் காணாமல் போயிருப்பதைக் கண்டு ஒரு கணம் திகைத்தார். லென்ஸைச் சரிசெய்தது யார் என்று கேட்டறிந்த மறுகணமே தெளிந்தார். "அதனால இன்னாம்மா? பொடவைய திருப்பிப் போட்டா கரை வலது பக்கம் வந்துடப் போவுது." அன்று முதல் அவர் கடைப் புடவைகள் எல்லாம் திரும்பிப் படுத்தன.

ஆனால் பேனர் படத்துக்கு நிற்கப்போகிறவர்கள் புடவைகள் அல்லர். படமெடுக்கும் நாளில் சுப்பராயலு முதலில் கேமராவைத்தான் பார்த்தார்.

"நம்ம லென்ஸ் தானே?"

"அதே தான் மாமா." வேறு லென்ஸ் இரவல் வாங்கலாம் என்றிருந்த எண்ணம் அங்கேயே முடிந்தது. "மாமா, நீங்க இந்தப் பக்கம் வாங்க. அத்தை அந்தப் பக்கம் நிக்கட்டும்."

"எதுக்கு? பொஞ்சாதி புருஷனுக்கு எடது பக்கம் தான் நிக்கணும். சாஸ்திரம் தெரியாதா உனக்கு?"

சாஸ்திரப்படி மனைவி அபிதகுசாம்பாள் அவருக்கு இடப்புறம் நின்றாள். அதாவது, எதிரில் நின்று பார்த்தால் அவள் வலப்புறம். மங்கலான இடப்பக்கம் முழுவதும் சுப்பராயலுவுக்கு வந்து சேர்ந்தது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்தால் மங்கல் பக்கம் மாறும் என்று லாவண்யாவுக்குத் தோன்றியது. அத்தைக்கு அது துரோகம்தான். ஆனால் பாவு தருகிறவர் அத்தை அல்ல. புரட்டிப் பிடித்தாள்.

"ஏம்மா, கேமராவ நேரா புடிக்கக்கூடத் தெரியாதா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார் சுப்பராயலு. அவள் நேராகவே பிடித்து எடுத்தாள். எடுத்ததைக் கைப்பேசியில் காட்டி, "இன்னொரு தபா எடுக்கலாம் மாமா" என்று கெஞ்சினாள். சிறிய திரையில் அவருடைய முகம் முகமாகவே தெரிந்தது. "இதுவே போதும், ஜல்தி பிரிண்டுக்கு அனுப்பு" என்று முடித்துவிட்டார்.

திறப்புவிழா அன்று காலை மேளம் முழங்க, முகப்பை மூடியிருந்த துணியை இழுத்தார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு அபிதகுசாம்பாள் எழுந்து நின்றாள். மூக்குத்திக் கல் முதல் புடவைக் கட்டத்தின் இழை வரை எண்ணிவிடலாம். அவளுக்குப் பக்கத்தில், மழையில் நனைந்த சுவரொட்டிபோல் ஏதோ ஒன்று வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது.

மேளக்காரர் தாமாகவே நிறுத்தினார்.

"என் பக்கத்துல நிக்கறது யாரு?" என்றாள் அபிதகுசாம்பாள், உண்மையாகவே தெரியாமல்.

"ஆஹா! கனவுல வர்ற மாதிரி கீறீங்கண்ணே" என்று ஜெயச்சந்திரன் முந்திக்கொண்டார். சிலர் கைதட்டினார்கள்.

சுப்பராயலு கைதட்டவில்லை. தம் முகத்தை அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தார். "லாவண்யா! இன்னாம்மா இது? ஏன் என் மூஞ்சி இப்படி கீது?"

லென்ஸ் கெட்டிருக்க முடியாது. அதைச் சரிசெய்தவர் சுப்பராயலு. அவர் முகத்திலும் கோளாறு இருக்க முடியாது. கூட்டம் வேறு யாரைப் பார்க்கும்? லாவண்யாவைத்தான் பார்த்தது.

"நான் அப்பவே சொன்னேன்! கேமராவ தலகீழா புடிச்சிகினு நின்னா. நீங்கள்லாம் பாத்தீங்க இல்ல?" என்றார் சுப்பராயலு.

"ஆமாண்ணே, நானும் பாத்தேன்" என்றார் ஜெயச்சந்திரன். அங்கே அன்று அவர் இருக்கவேயில்லை. "புள்ளைக்குத் தொழில் இன்னும் படியல. நம்ம கடைக்கு வேலூர்லேர்ந்து ஆள வரச்சொல்லலாம்னு நானே யோசிச்சிகினு இருந்தேன்." பின்னால் நின்ற மற்ற வியாபாரிகளும் அதையே யோசித்துக்கொண்டிருந்ததாக வரிசையாகத் தலையாட்டினார்கள்.

தனசேகரன் மகளின் பின்னால் வந்து நின்றார். "தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்கன்னு சொல்லிடும்மா. ஒரு வார்த்த தானே" என்று காதோரம் சொன்னார்.

சுப்பராயலு மன்னிக்கத் தயாராக இருந்தார். அதற்கான புன்னகை பாதி வந்தும்விட்டது. இத்தனை பேர் முன்னிலையில் மன்னிப்பதென்றால் முகம் மங்கியதுகூட அவருக்குப் பெரிதில்லை. லாவண்யா கேமராவிலிருந்து லென்ஸைத் திருகிக் கழற்றி, அவர் முன்னால் நீட்டினாள்.

"நான் சரியா தான் எடுத்தேன் மாமா. லென்ஸ கெடுத்தது நீங்க. கீழ வுழுந்தப்பகூட அது இவ்ளோ கெட்டுப்போவல."