பாதம் கழுவ வந்தவர்

எல்லாருடைய பாதத்தையும் விருந்தாளிகள் கழுவப் போகிறார்கள் என்று வைசன் சொன்னதும் எனெலேசி தன் ஷூவைக் குனிந்து பார்த்தாள்.

"யாரோட பாதத்தை?" என்று கேட்டாள், காதில் விழாதவள் போல.

"உங்க பாதத்தைத்தாம்மா. அவங்க சபையில வருஷா வருஷம் செய்யுற வழக்கமாம். இயேசு சீஷர்களுக்குச் செஞ்சாரே, அது மாதிரி." வைசன் இந்த ஊர்ச் சபையின் கடன் சங்கத்து அலுவலர். விருந்தாளி வரும் நாளில் மட்டும் கழுத்துப்பட்டை கட்டுவார்.

"நேத்தே சொல்லக்கூடாதா? கல்லு வெச்சுத் தேய்ச்சிருப்பேனே!" என்றாள் பக்கத்தில் இருந்த ஃபலேசி. "இந்தக் காலைப் பாத்தா அந்த மனுஷன் அடுத்த விமானத்துல ஓடிருவாரு."

சங்கத்தில் கடன் வாங்கியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனெலேசி சிரிக்கவில்லை.

கனடாவிலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்தார்கள் பெரியவர் ஃபிரீசனும் அவர் மனைவியும். சங்கம் தொடங்க முதல் பணம் கொடுத்தது அவர்களுடைய சபைதான். காலையிலிருந்து சபைக் கோவிலில் பாட்டு, கைதட்டல், ஆட்டம் எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. இப்போது பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

எனெலேசியின் இடது காலில் மூன்று விரல்கள் இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் தொழுநோய் வந்தது. நாட்டின் பெரிய ஏரிக்கு வடகோடியில் இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் மாத்திரை விழுங்கினாள். முழுசாகக் குணமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் காகிதமே எழுதிக் கொடுத்தார். ஆனால் காகிதத்தையா ஜனங்கள் பார்க்கிறார்கள்? அதனால்தான் யாருக்கும் தன்னைத் தெரியாத இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து முன்பக்கம் துணி அடைத்த கேன்வாஸ் ஷூதான். "எம்.பி. அம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்று ஃபலேசி கிண்டல் செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும். பஸ் நிலையத்தில் விடியற்காலையில் அவள் எண்ணெயில் சுடும் மண்டாசி பணியாரத்துக்கு வரிசை நிற்கும். மாவு பிசையும் கை யாருடையது என்று தெரிந்தால், மறுநாள் அந்த வரிசையில் நாய்கூட நிற்காது. அந்த வருமானத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"எனக்குக் கால்ல புண்ணு, தம்பி. என்னை விட்டுருங்க" என்று வைசனிடம் கிசுகிசுத்தாள்.

"ஐயோ, அவர் மனசு நொந்துபோகும்மா. ரெண்டே நிமிஷம்."

"சங்கத் தலைவி முதல்ல போகாம யாரு போறது?" என்று ஃபலேசி அவளைப் பின்னாலிருந்து தள்ளினாள்.

நாற்காலியில் உட்கார்ந்தவள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஃபிரீசன் முட்டி போட்டு அமர்ந்தார். அவள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார் போலும், சிரித்துக்கொண்டே ஷூவின் கயிற்றைத் தானே அவிழ்த்தார். வேண்டாம் என்று கத்த வாய் திறந்தாள். அதற்குள் ஷூ கழன்றது. உள்ளே அடைத்திருந்த துணி தரையில் விழுந்தது.

பாட்டு நின்றுபோயிற்று.

ஃபிரீசன் அந்தக் காலையே பார்த்தார். அவர் கண் நிறைந்தது. அதோடு விட்டாரா? தண்ணீரை அள்ளி மெதுவாகக் கழுவினார், பிறகு குனிந்து, விரல் இல்லாத அந்த இடத்தில் முத்தமிட்டார். கோவிலில் இருந்த அறுபது பெண்களும் பார்த்தார்கள். நல்ல மனுஷன்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அவர் கழுத்தை நெரித்துவிடலாம் போல எனெலேசிக்கு ஆத்திரம் வந்தது.

"குஷ்டம்டி" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது.

அடுத்து உட்கார்ந்த ஃபலேசி தொட்டிக்குள் காலை வைக்கவில்லை. "வேற தண்ணி" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று ஃபிரீசன் கேட்டார். "தண்ணி சில்லுன்னு இருக்காம்" என்று வைசன் சமாளித்தார்.

எப்படியோ கழுவி முடித்தார்கள். தேநீர் வந்தது. கூடவே எனெலேசி விடிய விடியச் சுட்ட மண்டாசிக் கூடையும் வந்தது. ஃபிரீசன் இரண்டு எடுத்தார், அவர் மனைவி ஒன்று எடுத்தாள். அதற்குப் பிறகு கூடை பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று, ஒரு கையும் நீளவில்லை. அதற்குமேல் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்த கூடையை எனெலேசி மேஜைமேல் வைத்தாள். நாளைக் காலையில் பஸ் நிலையம் முழுக்கத் தெரிந்துவிடும். இன்னொரு ஊருக்கு ஓட அவளுக்கு இப்போது வயசும் இல்லை.

திடீரென்று ஃபலேசி எழுந்தாள்.

"என்னடி எல்லாரும் கூடையையே முறைச்சுப் பாக்குறீங்க? இவ வியாபாரம் படுத்துச்சுன்னா இவ தவணையை யாரு கட்டுறது? உங்க புருஷனா? இவளுக்கு ஜாமீன் போட்டது நாங்க நாலு பேரு. இத்தனை வருஷமா தின்னீங்களே, எவளுக்காவது விரல் உதிர்ந்துச்சா? எடுங்கடி!"

கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். எல்லாரும் பார்க்க மென்று விழுங்கினாள். மீதியையும் வாயில் போட்டாள். ஜாமீன் போட்ட மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டு ஆளுக்கொன்று எடுத்தார்கள். பின்பெஞ்சில் இரண்டு கைகள் தயங்கித் தயங்கி நீண்டன.

ஃபிரீசனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எவ்வளவு ருசி, எப்படி விரும்பிச் சாப்பிடுகிறார்கள்!" என்று மகிழ்ந்தார். வைசன் அதை மொழிபெயர்க்கவே இல்லை.

எனெலேசிக்கு நடப்பதை நம்ப முடியவில்லை. வேறு தண்ணீர் கேட்டவளா இவள்? நன்றி சொல்லத் தேடினால் ஆளைக் காணோம். ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டு கோவிலுக்குப் பின்பக்கம் போனாள்.

அங்கே பப்பாளி மரத்தைப் பிடித்துக்கொண்டு ஃபலேசி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தின்ற மண்டாசி முழுக்கத் தரையில் கிடந்தது.

எனெலேசி அப்படியே நின்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஃபலேசி நிமிர்ந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. இடுப்புத் துணி முனையால் வாயைத் துடைத்தாள்.

"என்னடி பாக்குற? வேணும்னேவா செஞ்சேன்? நான் என்ன சொன்னாலும் இந்தப் பாழாப்போன வயிறு கேக்க மாட்டேங்குது."

எனெலேசி கீழே கிடந்த மண்டாசியைப் பார்த்தாள்.

"நகரு" என்றாள் ஃபலேசி. அவளைத் தாண்டி உள்ளே போனாள். எனெலேசி வாசலில் நின்று பார்த்தாள். ஃபலேசி மேஜையருகே போய் நின்றாள், மூச்சை ஒரு தரம் இழுத்துவிட்டாள், கூடைக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்துக் கடித்தாள்.