வெளிவிட்டம்

கணக்குப்புலியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. என்னை நல்லவள் என்று நினைத்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

குடிநீர் நிலையத்தில் அவர் பெரிய இன்ஜினியர், என் அண்ணன் பம்ப் ஆபரேட்டர். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் பைப்பில் மீட்டரைக் கட்டித் தண்ணீரின் வேகத்தைப் பார்த்தார். விநாடிக்கு ஒன்றரை மீட்டர். பைப் இருநூறு மில்லிமீட்டர். அந்த விட்டத்துக்குப் பரப்பைக் கண்டுபிடித்து, வேகத்தால் பெருக்கி, விநாடிக்கு நாற்பத்தேழு லிட்டர் போகிறது என்றார். மேல்தொட்டியில் விழுந்ததோ முப்பத்தாறரை.

"மீதி பத்தரை லிட்டர் எங்கடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அண்ணன் திருதிருவென்று விழித்தான். திருட்டு முழி என்று அதையும் ரிப்போர்ட்டில் எழுதினார், மகராசன்.

வேலை போனது. தெருவில் 'தண்ணித்திருடன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அண்ணன் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனதே இல்லை. அண்ணிதான் போவாள்.

நான் வீம்புக்கென்றே தண்ணீர் அளக்கும் வேலையைப் படித்து, அதே துறையில் சேர்ந்தேன். முதல் வாரமே ஸ்டோரில் அந்த ரகப் பைப்பின் வெட்டுத்துண்டு ஒன்று கிடந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். சுவரே பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன். இருநூறு என்பது வெளிவிட்டம். தண்ணீர் ஓடுவது உள்ளேதானே, அங்கே நூற்றெழுபத்தாறுதான். அந்த விட்டத்தைப் போட்டுப் பெருக்கினேன். முப்பத்தாறரை லிட்டர். ஒரு சொட்டுகூடக் களவு போகவில்லை.

அந்தத் துண்டின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். போய்ச் சொல்லியிருக்கலாம். பழைய கதை, சின்னப் பிழை என்று மழுப்பிவிடுவார்கள். அவர் வாயாலேயே வரவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருஷம் இருந்தேன்.

புதிய பம்ப் நிலையம் அவர் பொறுப்பில் வந்தது. அதே ரகப் பைப். ஆய்வுக்கு என்னை அனுப்பினார்கள். வேகம் விநாடிக்கு இரண்டு மீட்டர். 'பெரிய இன்ஜினியரின் முறைப்படி' என்று தலைப்புப் போட்டு எழுதினேன்: போவது அறுபத்து மூன்று லிட்டர், தொட்டியில் விழுவது நாற்பத்தொன்பது, பதினாலு லிட்டரைக் காணவில்லை.

கூட்டத்தில் இயக்குநர் அம்மா அதைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தார். "பதினாலு லிட்டர் எங்க போகுது சார்?"

அவர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "ஏம்மா, அறிவு இருக்கா உனக்கு? வெளிவிட்டத்தப் போட்டுப் பெருக்கியிருக்க! தண்ணி சுவத்துக்குள்ளயா ஓடும்? உள்விட்டம் போடணும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!"

"அப்படியா சார்? நான் உங்களப் பாத்துதான் போட்டேன்" என்று பழைய ஃபைலை மேஜையில் வைத்தேன். அவர் கையெழுத்து, அவர் பெருக்கல், அவர் எழுதிய திருட்டு முழி.

இயக்குநர் அம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "ஒண்ணு, இப்ப நீங்க திருடன். இல்லன்னா, அன்னிக்கு உங்க கணக்கு தப்பு. எது சார்?"

கணக்குப்புலி தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "கணக்குதான் தப்பு" என்றார்.

"எனக்கெதுக்கு சார்? அவர்கிட்ட சொல்லுங்க" என்று அண்ணனுக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். இயக்குநர் அம்மா தடுக்கவில்லை.

"நான்தான் தப்பா கணக்குப் போட்டுட்டேன். நீங்க தண்ணி திருடல" என்றார் கணக்குப்புலி. ஏழு வருஷத்துக்கு முன்னால் 'டா', இப்போது 'நீங்க'.

அந்தப் பக்கம் அண்ணன் மூச்சு விடுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டான்.

"லைன்ல சரியா கேக்கல பாப்பா. அவர வெளிய கூட்டிட்டுப் போய், எல்லாரும் நிக்கிற இடத்துல, இன்னொரு தடவ சத்தமா சொல்லச் சொல்லு."

நான் கதவைத் திறந்துவிட்டேன்.