மெழுகுவத்தி எரியும் பக்கம்

பிலிப்பைன்ஸின் செபு துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து, நெனித்தா பன்னைப் பிய்த்துக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டே செத்துப்போன ஒருத்தியின் இணையப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஹெர்மினியா ஓம்பாட். வயது நாற்பத்தாறு. ஒசாகாவில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் செவிலி உதவியாளர் வேலைக்கு மனு போட்டிருந்தாள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அந்த அலுவலகத்தில் நெனித்தாவின் வேலை இதுதான்: மனு போட்டவர்கள் இணையத்தில் என்ன எழுதினார்கள், யாரோடு நின்று படம் எடுத்தார்கள், குடித்தார்களா, சண்டை போட்டார்களா என்று பார்த்து மூன்று வரி எழுத வேண்டும். ஆட்கள் கீழ்த்தளத்தில் காத்திருப்பார்கள். அவள் போய்ப் பார்க்கக் கூடாது. "மூஞ்சியைப் பாத்தா மனசு இளகிடும். ஸ்க்ரீன் பொய் சொல்லாது" என்பார் மேலாளர் ரூஃபோ.

ஹெர்மினியாவின் படம் சாம்பல் நிறமாகியிருந்தது. நீல ரவிக்கை என்று ஊகிக்கத்தான் முடிந்தது. படத்துக்கு மேலே சின்னதாக ஒரு மெழுகுவத்தி ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஊர்க்காரர்கள் எழுதியிருந்தார்கள்.

"நிம்மதியா தூங்கு, அக்கா."

"நேத்து என் கனவுல வந்தே. ஒண்ணும் பேசலை. ஏன்?"

"விடிகாலைல எங்க ரூம்ல பூ வாசனை. நீதான்னு தெரிஞ்சுபோச்சு."

நெனித்தா ஏற்கெனவே பதினொரு பேரை 'இறந்தவர்' என்று எழுதி நிராகரித்திருந்தாள், இது பன்னிரண்டாவது. ஒன்றரை மாதமாக இதே கதை. போன வருஷம் ஒருத்தி செத்துப்போன தங்கையின் சான்றிதழை வைத்து வேலைக்குப் போய் மாட்டியதிலிருந்து ரூஃபோ உஷாராக இருந்தார். இவர்களும் அந்த ரகம்தான் என்று நெனித்தா நம்பினாள். ஆனாலும் மெழுகுவத்தியைப் பார்த்த நாளெல்லாம் அவள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. அந்த ஊரில் துக்க வீட்டுக்குப் போனவர்கள் வழியில் வேறெங்காவது நுழைந்துவிட்டுத்தானே போவார்கள், பின்னால் வரும் ஆவி அங்கேயே நின்றுவிடட்டும் என்று? அவளும் பேக்கரிக்குள் நுழைந்து, வேண்டாத ரொட்டியை வாங்கிக்கொண்டு போவாள்.

'மனுதாரர் இறந்தவர். வேறு ஆள் இவர் பெயரில் வந்திருக்கிறார். நிராகரிக்கவும்' என்று எழுதி அனுப்பினாள்.

அரைமணி நேரத்தில் கீழே இருந்து காவலாளி எலியாஸ் போனில் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க செத்துப்போச்சுன்னு எழுதின அம்மா இங்க உக்காந்திருக்கு. குடிக்கத் தண்ணி கேக்குது."

"அது வேற ஆளுண்ணே. போகச் சொல்லுங்க."

"போக மாட்டேங்குதே. நாலு மணிக்கு லிஸ்ட் ஜப்பானுக்குப் போகுதாம், அதுவரைக்கும் நகர மாட்டேங்குது. எனக்கு உசிரோட இருக்கறவங்களை விரட்டத் தெரியும் மேடம். இதுக்கு நீங்களே வாங்க."

நான்கு வருஷத்தில் முதல்தடவையாக நெனித்தா, மனுதாரர்கள் காத்திருக்கும் கூடத்துக்குப் போகும் முன்படிக்கட்டில் இறங்கினாள்.

கடைசி நாற்காலியில் அந்தப் படம் உட்கார்ந்திருந்தது. அதே நெற்றி, மூக்கோரத்தில் அதே மச்சம், அதே ரவிக்கை. நீலம்தான். நெனித்தா நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நீங்களுமா?" என்று சிரித்தாள் ஹெர்மினியா. "பயப்படாதீங்க மேடம், தொட்டுப் பாருங்க." கையை நீட்டினாள். கை பனிக்கட்டியாக இருந்தது. நெனித்தா வெடுக்கென்று விலகினாள். "ஏசிக்கு நேரா ஒன்றரை மணி நேரமா உக்காந்திருக்கேன், வேற எப்படி இருக்கும்?"

"உங்க பக்கத்துல மெழுகுவத்தி இருக்கே?"

"நானா ஏத்தினேன்? ரெண்டு வருஷம் நாம தொறக்காத பக்கத்துக்கு அந்த வெப்சைட்காரங்களே ஏத்திடறாங்களாம். புது விதி. துறைமுகத்துல போன் ரிப்பேர் பாக்கறவன்தான் படிச்சுச் சொன்னான். நான் உசிரோட இருக்கேன்னு எழுதிப் போட்டேன், பதிலே வரலை."

"ரெண்டு வருஷம் ஏன் தொறக்கலை?"

"மனிலாவுல ஒரு பெரியவரைப் பாத்துக்கிட்டேன். நோயாளி பக்கத்துல போன் கூடாதுன்னு அந்த வீட்டுல கண்டிஷன். அவருக்குப் பக்கவாதம். ராத்திரி அஞ்சு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். வீட்டு போன்ல மாசம் ஒருதடவை அம்மாகிட்ட பேசுவேன். கடைசி ரெண்டு மாசம் அதுவும் முடியலை. அந்த நேரம் பாத்து மெழுகுவத்தி." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர் போனப்புறம் எங்க ஊரு பந்தயான் தீவுக்குப் படகு ஏறினேன். வீட்டுல ஒரே கூட்டம். ஜெபம் நடக்குது. யாருக்குன்னு எட்டிப் பாத்தா என் படம். செத்தவங்களுக்கு ஒன்பது நாள் ஜெபம் பண்ணுவாங்களே, அதோட கடைசி நாள். படத்துக்கு முன்னால சோறும் மீனும் வச்சிருந்தாங்க."

"அப்புறம்?"

"பசி மேடம். உக்காந்து தின்னேன். ஒருத்தரும் வாயைத் தொறக்கலை. நான் மெல்லுற சத்தம் மட்டும் கேட்டுது." சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கம்மா இப்பவும் என்கூட உக்காந்து சாப்பிட மாட்டேங்கறா. தட்டை வச்சுட்டுத் தள்ளி நின்னு பாக்கறா. நான் சம்பாதிச்சுப் பணம் அனுப்பினாத்தான் நம்புவா போல. செத்தவங்க அனுப்ப மாட்டாங்க இல்லையா?"

நெனித்தாவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் இந்தப் பக்கங்கள் இருக்கும் இணையதளத்தைத் திறந்தபோது, 'எங்கள் விதிகள் மாறியிருக்கின்றன' என்று ஒரு நீள அறிவிப்பு வந்தது. ஒரு வரிகூடப் படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்தியது அவள் விரல்தான்.

"அந்தப் பெரியவர் வீட்டு நம்பர் இருக்கா?"

"மனுவுலேயே எழுதியிருக்கேனே."

இருந்தது. மூன்றாம் பக்கத்தில். அதுவரை அவள் யாருடைய மூன்றாம் பக்கத்தையும் திருப்பியதில்லை. பெரியவரின் மகள் எடுத்தாள். "ஹெர்மினியாவா? அவங்களை எங்க அனுப்பப்போறீங்க? அப்பா முதுகுல கடைசி வரைக்கும் ஒரு புண் வந்ததில்லை மேடம்" என்று சொல்லி அழுதாள். மொத்தம் இரண்டு நிமிடம்.

மணி மூன்றரை. ரூஃபோ கணினியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"பேய்க்கு விசா வாங்கப் போறியா? ஒசாகாக்காரங்களும் இதே பக்கத்தைத்தான் தொறப்பாங்க, நெனித்தா."

"தொறக்கட்டும் சார். ஏன் மெழுகுவத்தி வந்துதுன்னு நான் எழுதிக் குடுக்கறேன். அந்த மகளோட நம்பரையும் சேத்து எழுதறேன்."

"ஸ்க்ரீன்ல செத்தவங்கன்னு இருக்கு."

"அந்தம்மா போனைத் தொடாம ஒரு மனுஷனைப் பாத்துக்கிட்டாங்க. நமக்கு வேண்டியது அந்த மாதிரி ஆள்தானே? அதைச் செஞ்சதுக்கு மெழுகுவத்தி. போனே கதின்னு கிடந்திருந்தா நான் பாஸ் போட்டிருப்பேன். கீழ வாங்க சார், நீங்களே பாருங்க."

"வேண்டாம்" என்றார் ரூஃபோ அவசரமாக. கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹெர்மினியாவின் பெயர் ஜப்பானுக்குப் போய்விட்டது.

நெனித்தா மேசைக்குத் திரும்பி மற்ற பதினொரு பக்கங்களையும் திறந்து வைத்தாள். பதினொரு சாம்பல் முகங்கள். பதினொரு மெழுகுவத்திகள். ஒன்றின் அடியில் அன்று காலையில்கூட யாரோ எழுதியிருந்தார்கள்: 'இரவில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நீயா?'

அந்தப் பக்கத்துக்காரியின் மனுவை எடுத்து, மூன்றாம் பக்கத்தைப் புரட்டி, அதிலிருந்த அவளுடைய சொந்த எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைக்காமல் காத்திருந்தாள்.

"ஹலோ? யாரு?"

நெனித்தா விஷயத்தைச் சொன்னாள்.

"ஒன்றரை மாசமா ஏழு ஆபீஸ் ஏறி இறங்கிட்டேன்" என்றது அந்தக் குரல். "எல்லாரும் வேணாம்னாங்க, ஏன்னு ஒருத்தரும் சொல்லலை. ராத்திரி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினா, உள்ள யாரும் தொறக்கறதில்லை. நான் செத்துட்டேன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. ஒரு போன் போட்டு என்னையே கேட்டிருக்கலாமே மேடம்?"

"கேட்டிருக்கணும்மா" என்றாள் நெனித்தா. "மெழுகுவத்தி ஏத்தினது எவனோ. ஆளைக் கேக்காம செத்தாச்சுன்னு எழுதினவ நான்தான். ஒரு மனுஷரைப் பத்தித் தெரிஞ்சுக்க அந்த மனுஷரைக் கேக்கணும். ஸ்க்ரீனைக் கேட்டு எழுதினா, உசிரோட இருக்கறவங்களை நாமதான் புதைக்கிறோம்."