அன்றைய பக்கத்தில் ஒரு வாக்கியம்

வெளிநாட்டுக்காரர்கள் சாயப்பட்டறையைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் மேனேஜருக்கு இங்கிலீஷ் பித்துப் பிடித்தது. பதிவேட்டை இனி இங்கிலீஷில், அதுவும் முழு வாக்கியமாக எழுத வேண்டுமாம். கொதிகலன் அறையில் வால்வு திருகும் அவளுக்கு நாற்பது வயதில் வந்த சோதனை.

அன்று தொட்டி கழுவும் நாள். உள்ளே இறங்குவது அவள் வீட்டுக்காரர். அவள் தொட்டிக்குப் போகும் நீராவி வால்வை மூடி, பதிவேட்டில் எழுதி, மேனேஜர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர் ஏணியைத் தொடுவார். பன்னிரண்டு வருஷமாக அதுதான் முறை. அந்தக் கையெழுத்துதான் அவருக்கு உயிர்.

டீ நேரத்துக்குக் கொதிகலனை அணைத்திருந்தார்கள். பத்தரைக்கு அது தானாகப் பற்றிக்கொள்ளும். இங்கிலீஷ் எழுதிப் பழகும் நோட்டு தீர்ந்துபோனதால், பிறகு அடித்துவிடலாம் என்று அன்றைய பக்கத்திலேயே எழுதிப் பார்த்தாள். இரண்டு முறை சறுக்கியது, அடித்துவிட்டாள். மூன்றாவது, "ஐ ஹேவ் க்ளோஸ்டு த ஸ்டீம் வால்வ்" என்று முத்துமுத்தாக விழுந்தது. அந்தப் பூரிப்பில் பதிவேட்டைத் திறந்தபடியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.

கேன்டீன் வாசலில் மேனேஜர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"சபாஷ்! ஒரு தப்பு இல்ல. உடனே கையெழுத்துப் போட்டுட்டேன்."

மனுஷன் வாக்கியத்தைப் பார்த்தார், வால்வைப் பார்க்கவில்லை. ஒரு நொடி அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நொடிதான் அன்று தொட்டி கழுவும் நாள் என்பது உறைத்தது.

"சார், அவரு எங்க?"

"இறங்கிட்டாரே."

கடிகாரம் பத்து இருபத்தெட்டைக் காட்டியது. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் கொதிகலன் அறைக்குள் நுழையவும் அடுப்பு பற்றவும் சரியாக இருந்தது. வால்வை முழுக்க மூட முப்பது சுற்று வேண்டும். இரண்டு கையாலும் திருகிக்கொண்டே, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தொட்டியை நோக்கிக் கத்தினாள்.

"மேல ஏறுங்க! வால்வு மூடல! ஏறி வாங்க!"

அவர் சிரிப்பது தொட்டிக்குள் எதிரொலித்தது.

"போதும் விளையாட்டு, டீச்சரம்மா. கையெழுத்தப் பாத்துட்டுத்தானே எறங்கினேன்!"

"சத்தியமா சொல்றேங்க! அது சும்மா எழுதிப் பாத்தது!"

ஏணி தொட்டிச் சுவரில் உரசும் சத்தம் கேட்டது. குழாய் அவள் கைக்கு அருகில் சூடாகி, சீறத் தொடங்கியது. இன்னும் பத்தொன்பது சுற்று இருந்தது.