அண்ணன் வாட்ச்சில் இல்லாதது

அண்ணன் மகன் கொடுத்த கவரைப் பிரித்ததும் டைம்கீப்பருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. உள்ளே அண்ணனின் வாட்ச். முள் ஒன்றுகூட இல்லை. சாவி கொடுக்கும் திருகைச் சுற்றிப் பார்த்தார், டிக் டிக் சத்தமே இல்லை. "அப்பா கடைசியா சொன்னது இதுதான் சித்தப்பா. உங்ககிட்ட கொடுத்துடணும்னாரு" என்று சொன்னவன், அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான். பஸ் நிலையத்தில் வண்டிகளின் நேரத்தை மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்த மனிதர், மைக்கை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். செத்தும் இந்த ஆளுக்குக் கொழுப்பு அடங்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

இவர் கையில் இருப்பதும் அதுவும் ஒரே நாளில், ஒரே கடையில், அப்பா வாங்கிக் கொடுத்தவை. மாற்றி வைத்தால் எது யாருடையது என்று வாங்கியவருக்கே தெரியாது. அப்பா போன பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. காரணம் என்ன என்று கேட்டால் இப்போது இவருக்கே கோர்வையாகச் சொல்ல வராது. கோபம் மட்டும் நேற்று வாங்கியது மாதிரி மெருகு கலையாமல் இருந்தது. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் வீட்டுக்குப் போகிற பஸ் தினமும் அந்த வாசலில்தான் நின்று கிளம்பியது. ஒருநாளும் இறங்கவில்லை. சாவுக்குப் போனார், மூன்றாம் மனிதர் மாதிரி ஓரமாக நின்றுவிட்டு வந்தார்.

வாட்ச் விஷயத்தில் மனிதருக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். நிலையத்துச் சுவர்க் கடிகாரம் பொய் சொன்னாலும் இவர் மணிக்கட்டு பொய் சொல்லாது என்று டிரைவர்களே ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்யாணத்தில் அண்ணன் முள் இல்லாத வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. நேராகப் பேசினால் மரியாதை போய்விடுமே! பக்கத்திலிருந்த மாமாவிடம், "ஒரே அப்பா வாங்கிக் கொடுத்ததுதான் மாமா. வச்சுக்கத் துப்பு இருந்தா ஓடும்" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

மதியம் கொஞ்சம் கூட்டம் குறைந்ததும், நிலையத்தின் கோடியில் இருந்த வாட்ச் கடைக்குப் போனார். இரண்டு வாட்ச்சையும் பல வருஷமாகப் பழுது பார்த்து வருவது அந்தக் கடைக்காரம்மாதான்.

"இதைப் பிரிச்சுடுங்கம்மா. தேறுற சாமானை எடுத்து என் வாட்ச்சுக்குன்னு வச்சுக்குங்க. கூட்டைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

கடைக்காரம்மா பின்மூடியைத் திறந்து, ஒற்றைக்கண் லென்ஸை வைத்துப் பார்த்தார். "துரு இல்ல, தேய்மானம் இல்ல. இதைப் போய்ப் பிரிக்கிறதா? முள்ளும், உள்ள ஆடுற சின்னச் சக்கரம், பேலன்ஸ் வீல், அதுவும் போட்டா இப்பவே ஓடும் சார்."

"இந்த மாடலுக்கு அதெல்லாம் கிடைக்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"வெளியில கிடைக்காது. அதான் ரெண்டும் உங்க கையில இருக்கே."

டைம்கீப்பர் தன் கையைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த கடைக்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயோ, தெரிஞ்சுதான் கொண்டாந்தீங்கன்னு நெனச்சுட்டேன்."

"என்ன தெரிஞ்சு?"

இனி மறைத்துப் பயனில்லை என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். லென்ஸைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"மழைத்தண்ணி இறங்கி உங்க முள்ளெல்லாம் அரிச்சுப் போச்சு இல்லையா? எங்கெங்கயோ தேடினேன், கிடைக்கல. அப்போ உங்க அண்ணனோடது சர்வீசுக்கு வந்திருந்துது. கேட்டுப் பார்த்தேன். 'எடுத்துப் போடும்மா, என்னோடதுன்னு மட்டும் சொல்லிடாத, கழட்டி எறிஞ்சுடுவான்'னாரு. அதுக்கப்புறமும் தினம் சாவி கொடுத்துக் கட்டிக்கிட்டுதான் இருந்தாரு. இது என்ன கூத்துன்னு கேட்டா, 'மணி பாக்க என் தம்பி இருக்கான்'னு சிரிப்பாரு."

டைம்கீப்பருக்குக் காது அடைத்துக்கொண்டது. பஸ்களின் இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது. கல்யாணக் கூடத்தில் அன்று அண்ணன் கட்டியிருந்த வாட்ச், முள் இல்லாமலே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"பேலன்ஸ் வீல்?" என்றார்.

கடைக்காரம்மா வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார்.

"போன மாசம் கீழ போட்டு உடைச்சுட்டு வந்து, நாளைக்கே வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களே. எனக்கு வேற வழி தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கல சார், வாட்ச்சோட கையை நீட்டிட்டாரு."

மறுநாள் வாட்ச்சை வாங்க வந்தபோது, சொன்ன நேரத்துக்குத் தயாராக இல்லை என்று இதே இடத்தில் நின்று இதே அம்மாவிடம் எகிறியது டைம்கீப்பருக்கு நினைவு வந்தது. முக்காலியில் உட்கார்ந்தார். வாட்ச் கட்டியிருந்த கையை மேஜை மேல் நீட்டினார். கடைக்காரம்மாதான் பட்டையை அவிழ்த்தார். அதன் பின்மூடியையும் திறந்து, இரண்டையும் அந்தத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"அவரோடது ஓடணும்னா உங்களோடதுலேருந்து எடுக்கணும். உங்களோடது ஓடணும்னா அதைப் பிரிச்சு வச்சுக்கலாம், உங்க காலத்துக்கும் தாங்கும். அதுக்குத்தான் அனுப்பியிருக்காருன்னு நெனைக்கறேன். ரெண்டும் ஓட வழியில்ல."

"எடுத்துடுங்க" என்றார் டைம்கீப்பர் அவசரமாக. "எல்லாத்தையும் எடுத்து அவருதுலயே போட்டுடுங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

கடைக்காரம்மா இடுக்கியை எடுத்தார்.

"இருங்க, இருங்க!"

மேஜையிலிருந்த லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு தன் வாட்ச்சின் மேல் குனிந்தார். இத்தனை வருஷம் மணி பார்த்தவர், அதன் உள்ளே பார்த்ததில்லை. மெல்லிய சுருள்கம்பி விரிந்து சுருங்க, சின்னச் சக்கரம் ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் கையில் ஆடியது இதுதான்.

வெளியே டிரைவர்கள் புறப்பாட்டு நேரம் கேட்டு ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் அடித்ததும் இன்னொருவன் அடித்தான்.

"சார், இதை நிறுத்திக் கழட்டட்டுமா?" என்றார் கடைக்காரம்மா.

டைம்கீப்பர் நிமிரவில்லை. தன் மூச்சு பட்டு அந்தச் சக்கரம் நின்றுவிடுமோ என்று பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.