அக்கரையில் சாமியார்

அமலம்மாள் கஷாயத்தைக் கட்டிலில் கிடந்த கணவர் வாயருகே கொண்டுபோனவள், தெருவில் சத்தம் கேட்டதும் அதை அப்படியே வைத்துவிட்டு மறுபடியும் ஜன்னலுக்கு ஓடினாள். மழைக்கு ஒதுங்கிய ரிக்ஷாக்காரர்களின் பேச்சுதான். கடல் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. மாதா கோயில் சாமியார் வரக்காணோம்.

அவள் கணவர் ஞானப்பிரகாசத்துக்கு நெஞ்சில் சளி இறுகிவிட்டது, இனி மருந்துக்கு வேலையில்லை என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். கொழுந்தன் லாரன்ஸ் அப்போதே, "அண்ணி, சாமியாருக்குச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று சட்டையை மாட்டினான். அவள்தான் விடவில்லை. சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியார் வாசலில் கால் வைத்தால், பிழைக்கமாட்டோம் என்று கணவருக்குத் தெரிந்துபோகும். அந்தப் பயத்திலேயே உயிர் போய்விடும் என்று நினைத்தாள். இன்று விடிந்ததும் மூச்சு இழுக்கத் தொடங்கியது. லாரன்ஸ் கோயிலுக்கு ஓடினான். சாமியாரோ சாகக் கிடந்த ஒரு ரயில்வேக்காரருக்குப் பூசுதல் கொடுக்க முதல் படகிலேயே கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறை என்ற ஊருக்குப் போயிருந்தார். லாரன்ஸும் அவரைத் தேடி அக்கரைக்குப் போனான்.

பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் இல்லாமல், எண்ணெய் பூசாமல் கணவர் போய்விட்டால், அந்த ஆத்துமத்துக்கு யார் பதில் சொல்வது? ஜெபமாலை கையில் இருந்ததே தவிர, ஒரு மணியும் நகரவில்லை.

பக்கத்து வீட்டு ஹபீபா பீவி வெந்நீர் கொண்டுவந்தாள். "அலை பெருசா இருக்காம். படகை நிறுத்தி வெச்சிருக்காங்களாம்லா" என்றவள், அமலம்மாளின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நீ நடக்குற நடையில மாடிப் பலகை தேஞ்சிரும். தண்ணிக்கு அந்தப் பக்கம் நிக்கிற மனுசர இங்க நடந்து இழுத்துட்டு வந்துருவியா? அவுரு பக்கத்துல குந்து, புள்ள."

"அமலம்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, தண்ணியா?"

"சாமியார் பிறையிலயா இருக்காரு?"

"யார் சொன்னா?"

"நெஞ்சுதான் அடைச்சிருக்கு. காது நல்லாத்தான் கேக்குது." சிரிக்கப் பார்த்தார், இருமலாகிவிட்டது. "நேத்தே கேக்கணும்னு இருந்தேன். சாமியாரக் கூப்பிடுன்னா நீ பயந்துருவ. அதான் வாயத் திறக்கல."

அமலம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க தள்ளிப் போட்டேன். அவரு வந்து சேராட்டி?"

"சர்வேசுரனுக்கும் படகு வேணுமா?" மூச்சு வாங்கியது. "மனஸ்தாப மந்திரம் சொல்லு. கூடவே சொல்றேன். ஆபத்துல சாமியார் இல்லாட்டி, பாவத்துக்கு மனசார வருந்திச் சொன்னா அதுவே போதும்னு ஞானோபதேச வகுப்புல படிச்சமே."

படித்ததுதான். சிறு வயதில் பெரிய நற்கருணை வாங்குவதற்கு முன்னால் மனப்பாடமாய் ஒப்பித்த பதில். தன் வீட்டுக் கட்டிலருகே அது வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. முக்காலியை இழுத்து, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். சிலுவையை அவர் கையில் வைத்து மூடினாள்.

முதல் வரியிலேயே நா குழறியது. அவர்தான் எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் முறை குழறவில்லை. மூன்றாம் முறை அவர் உதடு மட்டும் அசைந்தது. வெளியே ஏதோ வண்டி வந்து நின்றது, அவள் திரும்பவில்லை. மந்திரத்தை நிறுத்தாமல் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். எப்போதோ நெஞ்சு அசைவதை நிறுத்தியிருந்தது. அவள் ஆமென் வரை சொல்லி முடித்தாள்.

மழை விட்டபிறகுதான் மாடிப்படியில் தடதடவென்று காலடி கேட்டது. லாரன்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டான். "அண்ணி, படகு விடலண்ணி. கெஞ்சிப் பார்த்தோம்" என்று சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

நனைந்த அங்கியோடு சாமியார் அவனைத் தாண்டி வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் சூடு இருக்கிறது. பூசலாம்" என்று அவசரமாகப் பையை அவிழ்க்கப் போனார். குளிரில் விறைத்த விரல்களுக்கு முடிச்சு பிடிபடவில்லை.

"மெதுவா சாமி. முதல்ல தலையத் துவட்டிக்குங்க" என்று அமலம்மாள் கொடியிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் துவட்டும்வரை, ஞானப்பிரகாசத்தின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒற்றை விரலால் ஒதுக்கி, எண்ணெய்க்கு இடம் விட்டாள்.