ஜன்னலில் மூன்று திரைகள்

மகள் காணாமல் போய் ஆறு வாரம் ஆன பிறகுதான், அவளைப் பற்றிப் பேசுவதற்கென்றே பதினோராயிரம் பேர் கூடியிருக்கும் ஓர் இணையக் குழு இருப்பது தையலம்மாவுக்குத் தெரியவந்தது. சொன்னவர் தையலம்மா வேலை பார்க்கும் திரைச்சீலைக் கடையின் கட்டிங் மாஸ்டர்.

"பாக்கறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. நல்லதும் எழுதறாங்க, கண்டதும் எழுதறாங்க" என்று சொல்லி, அவள் போனில் குழுவைத் திறந்து கொடுத்தார். உறுப்பினர் பெயர் கேட்டது. மேஜையில் கிடந்ததைப் பார்த்து 'ஊசி' என்று அவரே தட்டிவிட்டார்.

அன்றிலிருந்து தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போன் திறந்தே கிடந்தது. மகள் யாரோடோ ஓடிப்போய்விட்டாள் என்று சிலர் எழுதினார்கள். மருமகன்தான் அவளைக் கொன்று தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் புதைத்துவிட்டான் என்று சிலர். மருமகன் கேமரா முன்னால் அழுத வீடியோவை ஒருவர் விநாடி விநாடியாக நிறுத்திப் பார்த்து, "ஒரு கண்ணுல மட்டும்தான் தண்ணி வருது, நடிப்பு" என்றார். இன்னொருத்தி எழுதியிருந்தாள்: "அம்மாக்காரி பேட்டியில அழவே இல்ல. முதல்ல அவளை விசாரிங்க."

தையலம்மா அதை இரண்டு தடவை படித்தாள். ஆனாலும் குழுவை விட்டு வெளியேறவில்லை. சொந்தக்காரர்கள் போன் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் அவளைக் கண்டால் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். மகளைப் பற்றி யாராவது ஏதாவது பேசுகிற இடம் இது ஒன்றுதான்.

மகள் வாழ்ந்த ஊர் பஸ்ஸில் ஆறு மணி நேரம். இரண்டு முறை போய்வந்தாள். இரண்டு முறையும் மருமகன் அவளைக் காவல் நிலைய வாசலிலேயே சந்தித்து, அங்கிருந்தே பஸ் ஏற்றிவிட்டான். வீட்டுக்குள் யாரையும் விடக்கூடாது என்று போலீஸ் சொல்லியிருக்கிறதாம். நிலையத்தில் எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமல், "கோவிச்சுக்கிட்டுப் போனவங்க தானா வந்துடுவாங்கம்மா" என்று அனுப்பிவைத்தார்.

ஒரு வியாழக்கிழமை குழுவில் இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் போட்டிருந்தார்கள். ஒன்று, மகளும் மருமகனும் குடிபோன அன்று கூடத்தில் எடுத்தது. மற்றது, அவன் அழுத வீடியோவிலிருந்து. இரண்டிலும் சுவர்க் கடிகாரத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள். கடிகாரம் ஏன் நின்றுபோனது என்று நூற்றுக்கணக்கானவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

தையலம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதன் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தாள்.

அந்த அகல ஜன்னலுக்குத் திரை தைத்தவள் அவள்தான். சாம்பல் நிறக் கனத்த துணி, உள்ளே லைனிங், மொத்தம் நாலு பாகம். பழைய படத்தில் நாலும் கொசுவம் கொசுவமாக மடிப்பு விழுந்து நிறைவாகத் தொங்கின. வீடியோவில் மூன்றுதான் இருந்தன. நாலு இருந்த இடத்தை மூடுவதற்காக அவற்றை இழுத்துவிட்டதில் மடிப்பெல்லாம் தட்டையாகிப் போயிருந்தது. சுவரோரம் கையகல இடைவெளியில் வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஒரு பாகம் ஏழடி நீளம், நாலரை அடி அகலம். மகளின் உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.

அவள் மெஷினை நிறுத்தினாள். கட்டிங் மாஸ்டர் வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல, தலை சுத்துது" என்று துணிக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். மகள் உயிரோடு இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதுவரை ஒவ்வொரு வாரமும் ஒரு நம்பிக்கையை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

எழுத்தர் முகம் நினைவுக்கு வந்தது. திரைக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அதனால் குழுவை நடத்துகிறவனுக்கு எழுதினாள். 'கழுகு' என்பது அவன் வைத்துக்கொண்ட பெயர். தான் தாய் என்பதையும், கண்ணில் பட்டதையும் தட்டுத்தடுமாறித் தட்டி அனுப்பினாள். ஐந்தாவது நிமிடம் அவனே போனில் கூப்பிட்டான்.

"அம்மா, இவ்வளவு பேர் பாத்தோம், யாருக்கும் தோணலியே. இதை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. எனக்கு டிபார்ட்மெண்ட்ல ஆள் இருக்கு. நாளைக்குக் காலையில நானே கையில குடுத்துடறேன்."

"நம்பலாமா தம்பி?"

"உங்க பிள்ளை மாதிரி நினைச்சுக்கங்க."

இத்தனை நாளில் அவளை முழுதாகப் பேசவிட்டுக் கேட்ட முதல் ஆள் அவன். அந்த ஆறுதலில் அவள் மேற்கொண்டு எதுவும் யோசிக்கவில்லை.

மறுநாள் மதியம் கழுகின் வீடியோ வந்தது. 'நான்காவது திரை எங்கே?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. மாலைக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

அவள் போன் செய்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. போலீஸ்ல முதல்ல குடுத்தா அமுக்கிடுவாங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சாதான் பயம் இருக்கும்."

"யாருக்குப் பயம் இருக்கும் தம்பி?"

அவன் சிக்னல் சரியில்லை என்றான்.

சனிக்கிழமை காலை, அந்த ஊருக்குப் போக அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மருமகன் கூப்பிட்டான். குரலில் கோபமே இல்லை.

"சாப்டீங்களா அத்தை?"

"ம்."

"ஜன்னலுக்கெல்லாம் புதுசா மாத்திட்டேன். பழசு ஒண்ணும் இல்ல இப்ப. ரொம்ப அழுக்காப் போச்சு." பின்னால் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "ஊரே பாத்துச்சு, ஒருத்தர் கண்ணுலயும் படல பாருங்க. தைச்ச கைக்குத்தான் தெரியும். இல்லையா அத்தை?"

அவள் பையைத் தரையில் வைத்தாள்.

"அவ எங்க மாப்பிள்ளை?"

எதிர்ப்பக்கம் ஒரு குழாயை மூடும் சத்தம் கேட்டது. "உடம்பைப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டான்.

இந்த முறை அவள் எழுத்தர் மேஜையைத் தாண்டி நேராகப் பெண் இன்ஸ்பெக்டரின் அறைக்குள் போனாள். அந்த அம்மாள் முழுவதையும் எழுதிக்கொண்டார்.

"போன் பேச்சைப் பதிவு பண்ணினீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

அன்றே இன்ஸ்பெக்டர் ஆட்களோடு அந்த வீட்டுக்குப் போனார். ஜன்னலில் ரெடிமேட் திரைகள் தொங்கின. கூடத்தில் பெயிண்ட் ஈரம் காயவில்லை. பின்கட்டில் ஏதோ எரித்த கருப்பு மட்டும் இருந்தது, சாம்பலைக்கூடக் கழுவிவிட்டிருந்தான். இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்த மூணு திரை கிடைச்சிருந்தா போதும்மா. பக்கத்துல தொங்கினதுல ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும் லேப்ல சொல்லிடுவாங்க. நேத்து காலையில என்கிட்ட வந்திருக்கக் கூடாதா?"

மருமகனை இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். ஒரு திரை சலவையில் கிழிந்தது, தூக்கிப் போட்டேன் என்றான். மீதியை, வேண்டாத கும்பல் கண்போட்ட பொருள் என்று எரித்தேன் என்றான். வேறொன்றும் அவன் வாயிலிருந்து வரவில்லை. விட்டுவிட்டார்கள். இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்து வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனான். உடல் கிடைக்கவில்லை.

தையலம்மா அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லிக் கழுகுக்கு எழுதினாள். "அதைப் பாத்து வேற துப்பு வரலாம்மா" என்று பதில் வந்தது. வீடியோவுக்குக் கீழேயே, "நான் அவளுடைய அம்மா. தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள்" என்று எழுதினாள். யாரோ ஒருவர், "அம்மான்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். அதற்கு முப்பது பேர் லைக் போட்டிருந்தார்கள். அடுத்த மாதம் குழு வேறு ஊரில் காணாமல் போன ஒரு கணக்கு வாத்தியாரைப் பற்றிப் பேசப் போய்விட்டது.

அவள் மாதத்தில் முதல் திங்கள்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஆறு மணி நேரம் பஸ்ஸில் போகிறாள். நிலையத்தில் இப்போது எழுத்தரே எழுந்து நாற்காலி போடுகிறார். இன்ஸ்பெக்டர் கோப்பைத் திறந்து காட்டுவார். புதிதாக ஒரு தாள் சேர்ந்திருக்கும், சில மாதம் அதுவும் இருக்காது.

"எதுக்கும்மா இவ்வளவு தூரம்? போன்ல கேட்டா சொல்லிடுவேனே" என்றார் ஒருநாள்.

"இருக்கட்டும்மா. நேர்லயே கேட்டுக்கறேன்."

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மகள் சின்ன வயதில் யார் யார் வீட்டுக்குப் போவாள், மருமகனுக்கு எந்தெந்த இடம் பழக்கம் என்று, வழியில் நினைவுக்கு வந்ததையெல்லாம் தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.